15 நாள் ‘ஹேண்ட்ஸ்-ஆன்’ பயிற்சி: பணம் கட்டலாமா?

கேள்வி, ஜூன் 3

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இந்த ஏப்ரலில் முடித்தேன். எங்கள் கல்லூரியில் பிராக்டிகல் என்றால் பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டு எழுதுவதுதான். இப்போது ஒரு பயிற்சி மையத்தில் 15 நாள் மாலிக்யுலர் பயாலஜி டிரெய்னிங் இருக்கிறது. டிஎன்ஏ பிரித்தெடுத்தல், பிசிஆர், ஜெல், பிளாஸ்மிட், குளோனிங், எஸ்டிஎஸ்-பேஜ், வெஸ்டர்ன் பிளாட், ரியல் டைம் பிசிஆர் என்று எல்லாமே சொல்லித் தருகிறார்களாம், சர்டிஃபிகேட்டும் உண்டு. வீட்டில் நகையை வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும். சேரலாமா? லேபில் வேலை பார்க்கிற அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10.40

நகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முதலில் அந்த மையத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: ஒரு பேட்சில் எத்தனை பேர்? எத்தனை பேருக்கு ஒரு செட் மைக்ரோபிப்பெட் (மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோலிட்டர் கணக்கில் திரவம் எடுக்கிற கைக்கருவி)? என் சாம்பிளை நானே எடுத்து, நானே ரியாக்‌ஷன் போட்டு, நானே ஜெல்லில் (டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் ஓட்டி அளவுவாரியாகப் பிரிக்கிற கூழ்ப் பலகை) லோட் செய்வேனா, இல்லை நீங்கள் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பேனா? கடைசிக் கேள்விக்குப் பதில் இழுத்தால் அங்கே போக வேண்டாம்.

அவர்கள் போட்டிருக்கிற பட்டியலையே பாருங்கள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கிற வெஸ்டர்ன் பிளாட் ஒன்றுக்கே இரண்டு நாள் போய்விடும். ஜெல் ஊற்றி, புரதத்தை ஓட்டி, மெம்பிரேனுக்கு மாற்றி, பிளாக்கிங் செய்து, முதல் ஆன்டிபாடியை வழக்கமாக ராத்திரி முழுக்க 4 டிகிரியில் விட்டு, மறுநாள் இரண்டாவது ஆன்டிபாடி, அப்புறம்தான் பேண்ட், அதாவது கோடு, தெரியும். குளோனிங், அதாவது ஒரு டிஎன்ஏ துண்டைப் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் இருக்கிற சின்ன டிஎன்ஏ வளையம்) சேர்த்துப் பெருக்குவது என்றால் வெட்டு, ஒட்டு, செல்லுக்குள் ஏற்று, பிளேட்டை ராத்திரி வை, காலனி எடுத்து மறுபடி ராத்திரி வளர், பிளாஸ்மிட் பிரி, வெட்டிச் சரிபார். எல்லாம் முதல் தடவையே கைகூடினாலும் நான்கைந்து நாள் வேண்டும். அது கைகூடுவது அபூர்வம். எட்டு டெக்னிக்கை 15 நாளில் அடைத்தால், பேட்சுக்கு ஒரு வெஸ்டர்னை சார் ஓட்டுவார், நீங்கள் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்வீர்கள்.

ஜூன் 4, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன். பிப்பெட்டை ஏன் முதலில் கேட்கச் சொன்னேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் படித்த கல்லூரியில் வகுப்புக்கே ஒரு மைக்ரோபிப்பெட். அதையும் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். மேடம் லோட் செய்வார், நாங்கள் எட்டிப் பார்ப்போம். பரீட்சைக்கு ‘மைக்ரோபிப்பெட்டின் பயன்கள்’ எழுதி முழு மார்க் வாங்கியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அப்புறம் ஒரு ஆராய்ச்சி லேபில் புராஜெக்ட் செய்யப் போனேன். அங்கே இருந்த சீனியர் அக்கா என்னிடம் டிஎன்ஏ எதையும் தரவில்லை. ஒரு பிப்பெட், ஒரு டப்பா டிப் (பிப்பெட் நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழல்), ஒரு பீக்கர் தண்ணீர், நான்கு தசமம் காட்டுகிற தராசு. இவ்வளவுதான் தந்தார். 100 மைக்ரோலிட்டர் எடுத்துத் தராசில் விடு, எடையைக் குறி, மறுபடி விடு, குறி என்றார். அன்றைக்கு முழுக்க அதே வேலை.

அதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம். அறை வெப்பத்தில் சரியாகச் சொன்னால் 99.7 பக்கம் வர வேண்டும். உங்கள் எடைகள் 97, 97.1, 96.9 என்று ஒன்றுபோல் குறைந்து வந்தால் பெரும்பாலும் பிப்பெட்டில் கோளாறு, அல்லது அந்த டிப் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. 94, 103, 98 என்று தாறுமாறாக வந்தால் கை. கட்டைவிரலைச் சட்டென்று விடுகிறீர்கள், அல்லது ஒரு தடவை நேராகவும் அடுத்த தடவை சாய்த்தும் பிடிக்கிறீர்கள், அல்லது டிப்பை ரொம்ப ஆழமாக முக்குகிறீர்கள். பட்டனில் முதல் நிறுத்தம் வரை அழுத்தி, டிப்பின் நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் முக்கி, மெதுவாக விட வேண்டும். வெளியே விடும்போது டியூப்பின் சுவரில் நுனியைத் தொடுவித்து, இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்த வேண்டும். எழுதினால் இரண்டு வரிதான். கைக்கு வருவதற்கு ஒரு நாள் ஆகிறது.

இந்தக் கருவி 1957-இல் ஜெர்மனியில் மார்புர்கில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்பவர் செய்தது. அதற்கு முன்பு கண்ணாடிக் குழாயில் வாயை வைத்து உறிஞ்சித்தான் அளந்தார்கள். இன்றைக்கு நாம் அரை மைக்ரோலிட்டர் என்சைம் எடுக்கிறோம், கண்ணுக்கு அது டிப்பின் நுனியில் ஓர் ஈரம் போலத்தான் தெரியும். அந்த ஈரம் உள்ளே போனதா இல்லையா என்று கண்டுபிடிக்கத் தெரியாமல் பிசிஆர் சர்டிஃபிகேட் வாங்கி என்ன செய்வது?

ஜூன் 4, மதியம்

‘வீட்டில் பழக முடியுமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிப்பெட் கிடைத்தால் முடியும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி 0.01 கிராம் தராசு போதும், ஆனால் 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு மட்டும். ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு பிசகினால்கூட அது காட்டிவிடும். சின்ன அளவுகளுக்கு அந்தத் தராசு உதவாது. அதற்குப் பாரஃபிலிம் (மெழுகுத் தாள் போன்றது) துண்டில் கலர் தண்ணீரை 2 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக வரிசையாக விடுங்கள். சொட்டுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஜூன் 6

பிசிஆர் பற்றி, அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்குகிற முறையைப் பற்றி, நிறையப் பேர் கேட்கிறீர்கள். மெஷின் பெயரைக் கேட்கிறீர்கள், மாடலைக் கேட்கிறீர்கள். மெஷின் செய்வது சூடாக்குவதும் ஆறவிடுவதும். 94, 95 டிகிரியில் இழைகள் பிரியும், பிரைமரைப் (பெருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுகிற குட்டி டிஎன்ஏ இழை) பொறுத்து 50-க்கும் 65-க்கும் நடுவில் எங்கோ பிரைமர் ஒட்டும் (இதுதான் அனீலிங்), 72-இல் புதிய இழை வளரும். இது ஒரு முப்பது தடவை. அதைப் பட்டன் பார்த்துக்கொள்ளும். கற்றுக்கொள்ள வேண்டியது டியூப்பை மெஷினுக்குள் வைப்பதற்கு முன்னால் இருக்கிற அரை மணி நேரம்.

25 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷன் ஒன்றில் 10 மடங்கு பஃபர் 2.5, அப்புறம் நியூக்ளியோடைடு கலவை, இரண்டு பிரைமர், புதிய இழையைக் கட்டுகிற டாக் என்சைம் துளியூண்டு, டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) 1, மீதி தண்ணீர். பத்து டியூப் என்றால் பத்து தடவை தனித்தனியாக அளக்கக் கூடாது. டெம்ப்ளேட் தவிர எல்லாவற்றையும் பதினொரு டியூப்புக்குக் கணக்குப் போட்டு ஒரே டியூப்பில் கலந்து, பிரித்து ஊற்ற வேண்டும். அந்தக் கூடுதல் ஒன்று பிப்பெட்டில் ஒட்டி வீணாவதற்கு. இதுதான் மாஸ்டர் மிக்ஸ். இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டு, போட்டதை டிக் அடித்துக்கொண்டே கலக்க வேண்டும். ‘பிரைமர் போட்டேனா?’ என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்த டியூப்பைத் தூக்கிப் போடுவதுதான் வழி.

என்சைம் 50 சதவீதக் கிளிசராலில் இருக்கும், அதனால் மைனஸ் 20-இலும் உறையாது. கெட்டியாக இருப்பதால் டிப்பின் வெளிப்பக்கத்திலும் அப்பிக்கொண்டு வரும். மேற்பரப்பை மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். டிப்பை முழுக்க முக்கினால் அரை மைக்ரோலிட்டருக்குப் பதில் இரண்டு மைக்ரோலிட்டர் போகும், லேபில் மிக விலையுள்ள பொருள் சத்தமில்லாமல் தீரும்.

அந்த டாக் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 1960-களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து. கேரி முல்லிஸ் 1983-இல் பிசிஆர் யோசனைக்கு வந்தபோது கையில் இருந்த என்சைம் சூட்டில் செத்துவிடும், ஒவ்வொரு சுற்றுக்கும் டியூப்பைத் திறந்து புதிதாகப் போட வேண்டியிருந்தது. டாக் வந்த பிறகுதான் மூடியை மூடிவிட்டு டீ குடிக்கப் போக முடிந்தது. முல்லிஸுக்கு 1993-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

முக்கியமானதை மறந்துவிடப் போகிறேன்: நெகட்டிவ் கன்ட்ரோல். டெம்ப்ளேட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட டியூப். முப்பது சுற்றில் ஒரு மூலக்கூறு கணக்குப்படி 107 கோடியாகப் பெருகும். அப்படியானால் நேற்று பெருக்கியதில் ஒரு துளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு டிப்பில் ஒட்டியிருந்தாலும் இன்றைக்கு ஜெல்லின் எல்லா லேனிலும் (ஒவ்வொரு சாம்பிளும் ஓடுகிற பாதை) பேண்ட் வரும், பார்க்க அழகாகவே இருக்கும். தண்ணீர் லேன் காலியாக இருந்தால்தான் மற்ற பேண்டுகளுக்கு அர்த்தம். நீங்கள் விசாரிக்கிற மையத்தின் ஜெல் போட்டோவைப் பாருங்கள். அதில் நெகட்டிவ் கன்ட்ரோல் லேன் இல்லை என்றால், அங்கே சொல்லித் தருபவர்களுக்கே அது பழக்கமில்லை என்று பொருள்.

ஜூன் 7, காலை

‘கிட் இருக்கும்போது எதற்கு அக்கா சிடேப்?’ என்று கேள்வி. சிடேப் என்பது சோப்புப் போன்ற ஒரு பொருள், அதை வைத்துச் செடியிலிருந்து டிஎன்ஏ எடுக்கிற பழைய முறைக்கும் அதே பெயர். நியாயமான கேள்விதான், வேலைக்குப் போன பிறகு நீங்கள் கிட்தான் பயன்படுத்துவீர்கள். ஆனாலும் ஒரு தடவையாவது கிட் இல்லாமல் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

வாழை இலையை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம். இளங்குருத்தைத் திரவ நைட்ரஜனில் அரைக்கிறோம். இலையில் இருக்கிற ஃபீனால் சரக்கு காற்றுப் பட்டதும் பழுப்பாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த என்சைமும் அதில் வேலை செய்யாது. அதனால்தான் சிடேப் பஃபரோடு பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்க்கிறோம். மெர்காப்டோஎத்தனால் நாற்றம் ஹுட்டுக்குள் (புகையை வெளியே இழுக்கிற கண்ணாடிப் பெட்டி) வைத்தாலும் சட்டையில் ஏறும். 65 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்து, நடுநடுவே டியூப்பைத் தலைகீழாகத் திருப்பி, ஆறவிட்டு, குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24-க்கு 1 கலவையைச் சேர்த்துச் சுற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். கீழே பச்சையாகக் குளோரோஃபார்ம், மேலே தெளிவான தண்ணீர், நடுவில் பாலாடை போல ஒரு வெள்ளைப் படலம். டிஎன்ஏ மேலே இருக்கிறது, புரதம் ஆடையில் இருக்கிறது. ஆடை அசையாமல் மேலே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் கடைசி 50 மைக்ரோலிட்டரையும் எடுத்துவிடலாமே என்று ஆசை வரும். அதை விட்டுவிடத் தெரிவதுதான் பயிற்சி.

அப்புறம் குளிர்ந்த ஐசோபுரோப்பனால். டியூப்பை மெதுவாகச் சாய்க்கச் சாய்க்க, ஒன்றுமில்லாத தெளிந்த நீருக்குள்ளிருந்து வெள்ளை நூல் நூலாக டிஎன்ஏ திரண்டு வரும். எத்தனையோ மாணவர்கள் இதைப் பார்க்கும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு டியூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். ஐந்து வருடம் புத்தகத்தில் படித்த பொருள் கையில் இருக்கிறது. கிட்டில் இந்தக் காட்சி கிடையாது. அதில் டிஎன்ஏ உப்புச் செறிவில் சிலிக்காவில் ஒட்டி, கழுவி, கடைசியில் இறங்கி வரும். வேலை சுத்தம், கண்ணுக்கு எதுவும் தெரியாது.

நூலைச் சுழற்றி அடியில் இறக்கி, 70 சதவீத எத்தனாலில் கழுவிக் காயவிட வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் திரும்பக் கரையவே கரையாது. 260, 280 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் 260/280 விகிதம் 1.8 பக்கம் வர வேண்டும். அது சரியாக இருந்தும் பிசிஆர் வராவிட்டால் 260/230-ஐப் பாருங்கள். 2-க்கு ரொம்பக் கீழே இருந்தால் சர்க்கரைப் பொருளோ ஃபீனாலோ உப்போ இன்னும் இருக்கிறது. டெம்ப்ளேட்டைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதிலேயே வந்துவிடும். கூட்டிப் போட்டால் நல்லது என்று நினைக்கிற எல்லோருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும்.

ஜூன் 7, மதியம்

மேலே எழுதியதில் பாதுகாப்பைச் சொல்லவில்லை. குளோரோஃபார்ம் ஹுட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது. ஜெல்லில் டிஎன்ஏவைக் காட்டுகிற சாயமான எத்திடியம் புரோமைடு, டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவில் புகுந்து உட்காருகிற பொருள், மரபணு மாற்றம் உண்டாக்கக்கூடியது. அது பட்ட கிளவுஸோடு கதவுக் கைப்பிடி, மொபைல், பேனா எதையும் தொடாதீர்கள். யூவி மேடையில் ஜெல்லைப் பார்க்கும்போது முகத்துக்கு ஷீல்டு வேண்டும், மணிக்கட்டில் கிளவுஸுக்கும் கோட்டுக்கும் நடுவே தோல் தெரியக் கூடாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள் என்று சொல்கிற இடத்தில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

ஜூன் 10

முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் 15 நாள் பயிற்சியே வீண் என்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். 15 நாள் குறைவு இல்லை. எட்டு டெக்னிக்குக்குத்தான் அது குறைவு. ஒரே ஒரு பிளாஸ்மிடைக் கையில் கொடுத்து, அதை வைத்தே 15 நாளும் வேலை செய்யவிட்டால், வெளியே வரும்போது ஒரு மாணவர் எந்த லேபிலும் நிற்கலாம்.

முதலில் பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிடைப் பிரிக்கட்டும். 1979-இல் பிர்ன்பாய்ம், டோலி இருவரும் சொன்ன ஆல்கலைன் லைசிஸ்தான் (காரத்தால் செல்லை உடைப்பது) இன்றைக்கும் பெரும்பாலான மினிபிரெப் (சிறிய அளவில் பிளாஸ்மிட் பிரிக்கிற) கிட்டுக்குள்ளும் இருக்கிறது. மூன்று கரைசல். முதலாவதில் செல்லைக் கலக்க வேண்டும், அப்போது வோர்டெக்ஸ் (மெஷினில் வைத்து வேகமாகக் குலுக்குவது) பண்ணலாம். இரண்டாவதில் சோடியம் ஹைட்ராக்சைடும் எஸ்டிஎஸ்ஸும். விட்ட நிமிடமே கலங்கல் தெளிந்து, கொழகொழவென்று இழுபடும். செல் வெடித்து குரோமோசோம் வெளியே வந்துவிட்டது. இங்கே வோர்டெக்ஸ் பண்ணினால் அந்த நீளமான குரோமோசோம் துண்டு துண்டாகி பிளாஸ்மிடோடு சேர்ந்து வந்துவிடும். டியூப்பை நாலைந்து தடவை மெல்லத் திருப்ப வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் விடவும் கூடாது. மூன்றாவது, பொட்டாசியம் அசிடேட். விட்டதும் வெள்ளை வெள்ளையாகத் திரியும். குரோமோசோமும் புரதமும் அதில் மாட்டிக்கொள்ளும். சின்ன வளையமான பிளாஸ்மிட் மட்டும் பழையபடி ஜோடி சேர்ந்து கரைசலிலேயே நிற்கும். இதை ஒருவர் செய்துகாட்டி மற்றவர்கள் பார்ப்பதால் பயனே இல்லை. அந்தக் கொழகொழப்பை விரல் உணர வேண்டும்.

அடுத்த நாள் ஜெல். ஒரே பிளாஸ்மிடுக்கு இரண்டு மூன்று பேண்ட் வரும். ‘அசுத்தம்’ என்று பதறுவார்கள். முறுக்கேறிய வளையம் வேகமாக ஓடும், ஓர் இழையில் வெட்டு விழுந்து தளர்ந்த வளையம் மெதுவாக ஓடும், நேரானது நடுவில். அதையே ஈகோஆர்ஒன் போன்ற, ஒரே இடத்தில் வெட்டுகிற என்சைமால் வெட்டி ஓட்டினால் எல்லாம் ஒரே பேண்டாகிவிடும். படம் போட்டு விளக்க வேண்டியதில்லை, அவர்களுக்கே புரிந்துவிடும்.

பிறகு கால்சியம் குளோரைடில் காம்பிடென்ட் செல் (வெளி டிஎன்ஏவை உள்ளே ஏற்கத் தயாரான பாக்டீரியா) செய்து, பிளாஸ்மிடைச் சேர்த்து ஐஸில் வைத்து, 42 டிகிரியில் முக்கால் நிமிடம் சூடு காட்டி, மறுபடி ஐஸ். பிளாஸ்மிட் ஏறிய செல் மட்டுமே வளரக்கூடிய ஆம்பிசிலின் பிளேட்டில் பரப்ப வேண்டும். கூடவே டிஎன்ஏ சேர்க்காத செல்லையும் ஒரு பிளேட்டில் பரப்ப வேண்டும், அது வெறுமையாக இருக்க வேண்டும். பிளேட்டை எடுக்க மறந்து ஒரு நாள் கூடுதலாக விட்டால் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் காலனி முளைக்கும். பெரியது வெளியே விட்ட என்சைம் அந்த இடத்து ஆம்பிசிலினைத் தின்றுவிட்டது, பொடிசுகளுக்குள் பிளாஸ்மிடே கிடையாது. பொடிசை எடுத்து வளர்த்துவிட்டு ஏன் பிளாஸ்மிட் வரவில்லை என்று தேடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

எதுவும் வராத நாளும் இதற்குள் கண்டிப்பாக இருக்கும். அந்த நாளில்தான் சொல்லித் தருபவரின் தரம் தெரியும். ‘பரவாயில்லை, இதோ போன பேட்ச் போட்டோ’ என்று நீட்டுகிறவரா, உட்காரவைத்து எந்தப் படியில் போனது என்று உங்களோடு தேடுகிறவரா?

ஜூன் 12

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். மெஷின் கெட்டுவிடும் என்று கல்லூரியில் தொடவே விடுவதில்லையாம். படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் அந்த ஆசிரியர் இடத்தில் வைத்தும் யோசித்தேன். நாற்பது பேர், இரண்டு மணி நேர பிராக்டிகல், மைனஸ் 20 ஃப்ரிட்ஜ், மின்வெட்டு. என்சைம் பாழானால் அடுத்த பட்ஜெட் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பயம் புரிகிறது.

ஆனால் பிசிஆர் மெஷின் உண்மையில் தடையே இல்லை. 96 குழி உள்ள ஒரு மெஷினில் வகுப்பு முழுக்க ஆளுக்கு இரண்டு டியூப் வைக்கலாம். தட்டுப்பாடு பிப்பெட்டுக்கும் ஆசிரியரின் நேரத்துக்கும்தான். எட்டு எட்டுப் பேராகப் பிரித்தால் சமாளிக்கலாம்.

மெஷினே இல்லாத கல்லூரிக்கும் ஒரு வழி உண்டு. லாம்டா என்ற வைரஸின் டிஎன்ஏவும், டிஎன்ஏவை வெட்டுகிற ஹிண்ட்த்ரீ என்சைமும். வேண்டியது 37 டிகிரி வாட்டர் பாத், ஒரு ஜெல் தொட்டி. எட்டுத் துண்டு வரும், நீளம் பேஸ் பேரில் (டிஎன்ஏ ஏணியின் ஒரு படி ஒரு பேஸ் பேர்): 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, 125. பதில் முன்பே தெரிந்த கணக்கு இது, அதுதான் இதன் அழகு. மாணவர்கள் ஓடிய தூரத்தை ஸ்கேலில் அளந்து செமி-லாக் தாளில் (ஒரு பக்கம் லாக் அளவு உள்ள வரைபடத் தாள்) புள்ளி வைத்துக் கோடு போட்டு, தெரியாத ஒரு துண்டின் அளவைக் கண்டுபிடிக்கலாம். லோட் செய்வதற்கு முன்னால் 65 டிகிரியில் சூடாக்காவிட்டால் லாம்டாவின் ஒட்டும் முனைகள் சேர்ந்து 4,361 பேண்ட் மங்கிவிடும். சூடாக்கிய ஒன்று, சூடாக்காத ஒன்று, பக்கத்துப் பக்கத்து லேனில் ஓட்டிக் காட்டுங்கள், அந்த ஒரு ஜெல்லில் அரை பாடம் முடிந்துவிடும்.

பணம் பற்றி: மத்திய பயோடெக்னாலஜி துறையின் ஸ்டார் காலேஜ் திட்டம் இளநிலைக் கல்லூரிகளின் பிராக்டிகலை வலுப்படுத்துவதற்கென்றே இருக்கிறது. உங்கள் கல்லூரி விண்ணப்பித்திருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஜூன் 13

‘பணம் கட்டாமல் கற்றுக்கொள்ள வழியே இல்லையா?’ இருக்கிறது. இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தருகிற கோடைகால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி நடத்துகிறது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் இருக்கலாம், உதவித்தொகையும் தருவார்கள், ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் எழுதச் சொல்கிற அந்த ஒரு பக்கத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாமல் சொந்தமாக எழுதுங்கள்.

படிப்பு முடித்தவர்களுக்கு என் பதில் வேறு. பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் புராஜெக்ட் வேலை தேடுங்கள். கோவையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் கரும்பு இனப்பெருக்கு நிறுவனமும் இருக்கின்றன, திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். இப்படிப்பட்ட இடங்களில் புராஜெக்ட் அசிஸ்டன்ட், யங் புரொஃபஷனல் என்று தற்காலிக வேலைக்கு வாக்-இன் இன்டர்வியூ அவ்வப்போது வரும், அவர்களுடைய இணையதளத்தில்தான் போடுவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பழக்கம் வேண்டும். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் ஆறு மாதத்தில் நூற்றுக்கணக்கான சாம்பிள் உங்கள் கை வழியாகப் போகும்.

ஜூன் 15

அந்த இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று கேட்டவருக்கு. எங்கள் லேபுக்கு ஆள் எடுக்கும்போது நானும் உட்கார்ந்திருக்கிறேன். சர்டிஃபிகேட் ஃபைலை யாரும் முழுதாகப் புரட்டுவதில்லை. ‘லோடிங் டையில் என்ன இருக்கிறது, எதற்கு?’ என்று கேட்போம். கிளிசராலோ சுக்ரோஸோ இருப்பதால் சாம்பிள் குழியில் இறங்கி உட்காரும், புரோமோஃபீனால் ப்ளூ எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். டிஎன்ஏவை அது காட்டாது. கைப்பட ஜெல் ஓட்டினவர்கள் இதைச் சட்டென்று சொல்வார்கள், ஒரு சதவீத ஜெல்லில் அந்த நீலம் 300 பேஸ் பேர் பக்கத்துத் துண்டோடு ஓடும் என்பதுகூடத் தெரிந்திருக்கும். ‘சென்ட்ரிஃபியூஜில் (டியூப்பை வேகமாகச் சுழற்றுகிற மெஷின்) மூன்று டியூப் எப்படி வைப்பீர்கள்?’ என்றும் கேட்பதுண்டு.

ஒரு பெண் தன் லேப் நோட்டையே கொண்டுவந்திருந்தார். பக்கம் முழுக்க தேதி போட்டு, என்ன சேர்த்தேன், எந்தப் பாட்டில், வராத ஜெல்லின் போட்டோவை ஒட்டி அதன் கீழே ‘அனீலிங் 58-இல் வரவில்லை, 54-இல் முயற்சி’ என்று எழுதியிருந்தார். எங்களுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவரைத்தான் எடுத்தோம். நீங்கள் எங்கே பயிற்சிக்குப் போனாலும் இந்த நோட்டு உங்களுடையதாக இருக்கட்டும். மையம் அச்சடித்துத் தருகிற மேனுவலில் நீங்கள் இல்லை.

ஜூன் 16

சென்ட்ரிஃபியூஜ் என்றதும் ஒரு விஷயம். ஆராய்ச்சிப் பேப்பரில் ‘13,000 ஆர்பிஎம்’ (நிமிடத்துக்கு 13,000 சுற்று) என்று இருந்தால் அதை அப்படியே வைக்காதீர்கள். விசை, டியூப் வைக்கிற சுழலும் பாகமான ரோட்டரின் ஆரத்தையும் பொறுத்தது; அதைப் புவியீர்ப்பின் மடங்கில், ஜி-யில் சொல்வார்கள். ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, சுழற்சியின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்குங்கள். 7 சென்டிமீட்டர் ரோட்டரில் 13,000 என்பது சுமார் 13,200 ஜி, 8.4 சென்டிமீட்டரில் சுமார் 15,900 ஜி. ஒரே எண், வேறு வேறு விசை. நோட்டில் எப்போதும் ஜி-யில் எழுதுங்கள்.

ஜூன் 20

திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி: அவருடைய நெகட்டிவ் கன்ட்ரோலில் ஒரு வாரமாகப் பேண்ட் வருகிறதாம், கைடு திட்டுகிறாராம், என்ன செய்வது என்று தெரியவில்லையாம்.

முதலில் பேண்ட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 100 பேஸ் பேருக்குக் கீழே, அடியில் மங்கலாக இருந்தால் அது பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டது, கன்ட்ரோல் கெட்டது என்று அர்த்தமில்லை. பிரைமர் அளவைக் குறையுங்கள், அனீலிங் வெப்பத்தை ஏற்றுங்கள். உங்கள் சாம்பிள் பேண்டின் அதே உயரத்தில் இருந்தால் கலப்படம். அப்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். நான்கு கன்ட்ரோல் டியூப் போடுங்கள். ஒன்று இப்போதைய சரக்கோடு அப்படியே. இன்னொன்றில் புதிதாக உடைத்த தண்ணீர் மட்டும். மூன்றாவதில் புதிய பிரைமர் மட்டும், ஸ்டாக்கிலிருந்து புதிய தண்ணீரில் நீர்த்தது. நான்காவதில் புதிய பஃபரும் நியூக்ளியோடைடும். எது காலியாக வருகிறதோ அதில் நீங்கள் மாற்றிவிட்ட பழைய சரக்குதான் குற்றவாளி. பெரும்பாலும் தண்ணீர் அல்லது பிரைமர். மீதிச் சரக்கைப் பார்த்துப் பரிதாபப்படாமல் கொட்டிவிடுங்கள், இனிமேல் எல்லாவற்றையும் சின்னச் சின்ன டியூப்பில் பிரித்து வையுங்கள்.

நான்கிலும் பேண்ட் வந்தால் பெரும்பாலும் பிப்பெட் அல்லது மேஜை. பிப்பெட்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றிக் கழுவுங்கள், மேஜையைப் பத்து மடங்கு நீர்த்த பிளீச்சில் துடையுங்கள், வடிகட்டி உள்ள டிப் கிடைத்தால் அதற்கு மாறுங்கள். பெருக்கிய டியூப்பை எங்கே திறக்கிறீர்கள்? ரியாக்‌ஷன் போடுகிற அதே மேஜையிலா? அப்படியானால் நாளையிலிருந்து ரியாக்‌ஷன் ஓர் அறை, ஜெல் இன்னோர் அறை. ஒரே அறைதான் என்றால் இரண்டு மூலை, இரண்டு பிப்பெட் செட், இரண்டு கோட். ஜெல் மூலையிலிருந்து எதுவும் ரியாக்‌ஷன் மூலைக்குத் திரும்பக் கூடாது, பேனாகூட. நான்கு டியூப் ஜெல் போட்டோவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.